கையடக்க விளையாட்டுக் கருவியும் திறன்பேசியும் – கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பார்வை

விளையாட்டு மனித வாழ்வோடு உடன்பிறந்தது. ஓரை, வண்டல், கழங்கு எனச் சங்க இலக்கியம் சுட்டும் விளையாட்டுகளின் பெயர்களே, நம் முன்னோர் ஓய்வுப் பொழுதை எத்துணை மதித்தனர் என்பதற்குச் சான்றாகும். ஆற்று மணலும் கழற்சிக் காயும் அன்றைய விளையாட்டுப் பொருள்களாக இருந்தன. பின்னர்த் தாயக்கட்டையும் பல்லாங்குழிப் பலகையும் இல்லந்தோறும் இடம்பெற்றன. மரச்சிற்பக் கலைக்காக 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் கள்ளக்குறிச்சி மண்ணில், பதினான்கு குழிகள் கொண்ட அம்மரப்பலகையை அறியாத முதியோர் அரியர்.

இன்றைய இளைஞர் கையில் இருப்பது திறன்பேசி. பல்லாங்குழிப் பலகை விளையாட்டு ஒன்றுக்கே உரியது. திறன்பேசியோ பேசுவதற்கும் படிப்பதற்கும் பணம் செலுத்துவதற்கும் உரியது, விளையாடுவதற்கும் உரியது. விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவிக்கும், பல பணிகளுக்கிடையே விளையாட்டையும் ஏற்றுக்கொண்ட கருவிக்கும் இடையே உலகச் சந்தையில் நெடுங்காலமாகப் போட்டி நிகழ்ந்து வருகிறது. அப்போட்டியின் வரலாறு யாது, அதன் காரணங்கள் யாவை, கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையூர்களிலும் அது எவ்வடிவம் கொண்டது, அதனால் நம் இல்லங்களில் விளைவது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கணிப்பானில் பிறந்த எண்ணம்

ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாகத் தோன்றியது நிண்டெண்டோ. அந்நிறுவனத்தின் பொறியாளர் குன்பெய் யோகோய், ஒருநாள் விரைவு இரயிலில் பயணி ஒருவர் சலிப்புத் தீரக் கணிப்பானின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக் கொண்டிருந்ததைக் கண்டாராம். அக்காட்சியே கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வித்திட்டது என்பர். அவர் உருவாக்கிய ‘கேம் அண்ட் வாட்ச்’ 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு கருவியில் ஒரு விளையாட்டு. விளையாடாத வேளையில் அது கடிகாரம். கணக்கிடுவதற்கென வாங்கிய பொருளை ஒருவர் விளையாட்டுக்குப் பயன்படுத்தியதிலிருந்தே இக்கருவி பிறந்தது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். பின்னாளில் இதனை வீழ்த்த வந்த பொருளும் வேறு பணிக்கென வாங்கப்பட்டதே ஆகும்.

1989ஆம் ஆண்டில் நிண்டெண்டோ ‘கேம் பாய்’ என்னும் கருவியை வெளியிட்டது. விளையாட்டைத் தாங்கிய சிறு பேழையை மாற்றி மாற்றிச் செருகி, ஒரே கருவியில் பல விளையாட்டுகளை ஆடும் வசதி இதில் இருந்தது. வண்ணத் திரை இல்லை. அதே காலத்தில் அட்டாரி, சேகா ஆகிய நிறுவனங்கள் வண்ணத் திரையுடன் கருவிகளை வெளியிட்டன. எனினும் அவை மின்கலங்களை விரைவில் தீர்த்துவிட்டன, விலையும் மிகுதி. யோகோயின் கொள்கை வேறு. நன்கு பழகி, விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே அது. நான்கு சிறு மின்கலங்களால் பல மணி நேரம் இயங்கிய கேம் பாய், மாஸ்கோவில் 1984இல் அலெக்சி பஜித்னோவ் படைத்த ‘டெட்ரிஸ்’ விளையாட்டின் துணையோடு உலகை வலம் வந்தது. அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து 11 கோடியே 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. 2004இல் வந்த ‘நிண்டெண்டோ டி.எஸ்.’ 15 கோடியே 40 இலட்சத்தை எட்டியது. அதே ஆண்டின் இறுதியில் சோனி நிறுவனத்தின் ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ களத்தில் இறங்கியது. கையடக்கக் கருவிகளின் பொற்காலம் அது எனலாம்.

நம் ஊருக்கு வந்தது எது?

இப்பொற்காலத்தின் ஒளி நம் பகுதியில் மிகக் குறைவாகவே விழுந்தது. அரபு நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சபர் சென்று திரும்பியோரின் பெட்டிகளிலும், சென்னை பர்மா பஜார் கடைகளிலும் அத்தகைய கருவிகள் காணப்பட்டன. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டியது, கட்டங்கள் மேலிருந்து இறங்கும் ‘பிரிக் கேம்’ என்னும் மலிவான கருவியே. ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டுகள் உள்ளன என்று அதன் உறை பறைசாற்றும். ஆடிப் பார்த்தால் ஒருசில விளையாட்டுகளே வேகம் மாறி மாறி வரும். சோனியின் கருவி பெருநகரக் கடைகளில் விற்பனையானபோதும், கருவிக்கு ஒரு விலை, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி விலை என்னும் முறை, கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைவித்து வாழும் வட்டாரத்திற்கு ஒத்துவரவில்லை.

மலையின் நிலை இன்னும் வேறு. கல்வராயன் மலைப்பகுதி ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து முற்றிலும் விடுபட்டு அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது 1976ஆம் ஆண்டில்தான். சாலையும் பள்ளியும் மின்சாரமும் அதன் பிறகே மெல்ல மெல்ல மலையேறின. விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக மலர்ந்தது 2019 நவம்பர் 26 அன்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலை தனி வட்டமாயிற்று. இத்தகைய வரலாறு கொண்ட ஊர்களில், விளையாட்டுக்கென்றே ஒரு மின்னணுக் கருவியை வாங்கும் எண்ணம் எழ இடமேது?

ஆயின் கைபேசி வந்தது. வெளியூருக்கு வேலை தேடிச் சென்ற தந்தையோடு பேசவும், விளைபொருளின் விலையைக் கேட்கவும், அவசரத்திற்கு மருத்துவ ஊர்தியை அழைக்கவும் அது வேண்டியதாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியபின் இணையத்தின் விலை நாடெங்கும் சரிந்தது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கெனக் கடன்பட்டும் திறன்பேசி வாங்கிய குடும்பங்கள் பல. எனவே நம் பகுதியில் திறன்பேசி, விளையாட்டுக் கருவியை எதிர்த்து வெல்லவில்லை. விளையாட்டுக் கருவி வந்துசேராத வீட்டிற்குள் கல்வியின் பெயராலும் உறவின் பெயராலும் அது நுழைந்தது. விளையாட்டு அதன் நிழலாக உடன் வந்தது.

போட்டி வளர்ந்த வரலாறு

உலக அரங்கில் இப்போட்டி எளிதாக முடிந்துவிடவில்லை. 1997இல் நோக்கியா தன் 6110 கைபேசியில் பாம்பு விளையாட்டைச் சேர்த்தது. கோடு ஒன்று புள்ளிகளை உண்டு நீளும் அவ்விளையாட்டு, பேசும் கருவியிலும் பொழுது போக்கலாம் என்பதை மக்களுக்கு உணர்த்தியது. இவ்வெற்றிக்குப் பின் அந்நிறுவனம் 2003இல் ‘என்-கேஜ்’ என்னும் கருவியை வெளியிட்டது. கைபேசியும் விளையாட்டுக் கருவியும் ஒன்றாக இணைந்த படைப்பு அது. ஆயினும் விளையாட்டு அட்டையை மாற்ற மின்கலத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. பேசும்போது கருவியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டியிருந்தது. இரு பணிகளிலும் இடர்ப்பட்ட அக்கருவி தோல்வியுற்றது.

2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தது. 2008 ஜூலையில் அதற்கான செயலிக் கடை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் அத்தகைய கடை வந்தது. விளையாட்டுப் பேழையைத் தொழிற்சாலையில் செய்து கப்பலில் ஏற்றிக் கடையில் அடுக்கும் செலவு இதனால் நீங்கிற்று. 2009 டிசம்பரில் பின்லாந்து நாட்டின் ரோவியோ நிறுவனம் வெளியிட்ட ‘ஆங்கிரி பேர்ட்ஸ்’, ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் கோடிக்கணக்கானோரை அடைந்தது. கையடக்கக் கருவியின் விளையாட்டு ஒன்று முப்பது, நாற்பது டாலருக்கு விற்ற காலம் அது.

விளைவு விரைவில் தெரிந்தது. 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென் விலையில் வந்த ‘நிண்டெண்டோ 3டி.எஸ்.’ எதிர்பார்த்தபடி விற்காமையால், ஆறே மாதத்தில் 15,000 யென்னாகக் குறைக்கப்பட்டது. இறுதியில் அது ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சம் விற்றது. முந்தைய கருவியின் விற்பனையில் பாதியளவே இது. சோனியின் ‘வீட்டா’ 2011 டிசம்பரில் வந்து, 2019இல் உற்பத்தி நின்றது. அதற்குப் பின் வரும் கையடக்கக் கருவி எதையும் சோனி அவ்வரிசையில் தொடரவில்லை.

இத்துடன் விளையாட்டுக் கருவியின் கதை முடிந்தது என்று அன்று பலர் எழுதினர். 2017 மார்ச்சில் நிண்டெண்டோ ‘ஸ்விட்ச்’ கருவியை வெளியிட்டது. கையிலும் வைத்து ஆடலாம், வீட்டுத் தொலைக்காட்சியிலும் இணைத்து ஆடலாம் என்னும் அக்கருவி 15 கோடிக்கும் மேல் விற்றது. அதன் அடுத்த வடிவம் 2025 ஜூனில் வந்தது. திறன்பேசி உலகெங்கும் பரவிய பின்னரும் தனிக்கருவிக்கு இடம் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

எது சிறந்தது?

இரண்டையும் ஒப்பிட்டால் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிச் சிறப்புகள் உள. திறன்பேசி எப்போதும் உடனிருப்பது. அதற்கெனத் தனிச் செலவு இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் புதியது வாங்குவதால் அதன் கணிப்பாற்றல் விரைந்து வளர்கிறது. தனிக்கருவியோ ஐந்தாறு ஆண்டுகள் ஒரே ஆற்றலோடு நிற்கிறது.

ஆனால் கைக்குள் பொருந்தும் பொத்தான்கள் தனிக்கருவியில் உண்டு. விரலின் தொடுவுணர்வால் பொத்தானை அறிந்து அழுத்தலாம். கண் திரையிலேயே நிலைக்கலாம். தொடுதிரையில் ஆடுவோரின் விரலே காட்சியை மறைக்கிறது. நெடுநேரம் ஆடினால் திறன்பேசி சூடேறும். பேசுவதற்கு வேண்டிய மின்சேமிப்பும் தீரும். ஆட்டத்தின் நடுவே அழைப்பு வரும், செய்தி வரும். தனிக்கருவியின் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை. அலைவரிசை சீராகக் கிட்டாத மலையூருக்கு உண்மையில் ஏற்றது அத்தகைய கருவியே. எனினும் அதன் விலை அம்மலையை எட்டவில்லை.

இவ்வேறுபாடுகள் அனைத்தும் புறத்தே தெரிவன. இவற்றினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. அது விலைமுறையில் மறைந்துள்ளது.

இலவசத்தின் விலை

தனிக்கருவியின் விளையாட்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்கிய அன்றே நிறுவனத்தின் வருவாய் முடிந்துவிடுகிறது. ஆடுபவர் ஒரு வாரத்தில் முடித்தாலும், ஓராண்டு ஆடினாலும் நிறுவனத்திற்குப் பெரிதும் வேறுபாடில்லை. கதைக்கு முடிவு உண்டு. முடிந்தபின் கருவியைக் கீழே வைக்கலாம்.

திறன்பேசி விளையாட்டுகளுள் பெரும்பாலானவை இலவசம். அவற்றின் வருவாய் விளம்பரத்தாலும், ஆட்டத்தினுள் விற்கும் ஆடை, ஆயுதம், கூடுதல் வாய்ப்பு முதலியவற்றாலும் வருவது. ஆகவே ஆடுபவர் மீண்டும் மீண்டும் வருதல் வேண்டும். நீண்ட நேரம் தங்குதல் வேண்டும். நாள்தோறும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் இழப்பு, இன்று நள்ளிரவு வரையே இச்சலுகை என்னும் அமைப்புகள் இதற்காகவே வகுக்கப்பட்டவை. முடிவு இருந்தால் வருவாய் நின்றுவிடும். எனவே அவ்விளையாட்டுகளுக்கு முடிவு இல்லை.

இதற்கு நிண்டெண்டோவின் வரலாறே சான்று. 2015இல் அந்நிறுவனம் டி.இ.என்.ஏ. என்னும் நிறுவனத்தோடு இணைந்து திறன்பேசி விளையாட்டுகளை உருவாக்க முன்வந்தது. 2016 டிசம்பரில் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ ரன்’ விளையாட்டைத் தன் பழைய வழக்கப்படி ஒரே விலைக்கு விற்றது. தொடக்கப் பகுதி இலவசம். 10 டாலர் அளவு செலுத்தினால் முழு விளையாட்டும் சொந்தம். கோடிக்கணக்கானோர் பதிவிறக்கினர், எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. அடுத்து 2017 பிப்ரவரியில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்’, குலுக்கல் முறையில் வீரர்களைப் பெறுவதற்குப் பணம் வாங்கியது. பதிவிறக்க எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்தும் வருவாயில் அது மரியோவை விஞ்சியது. எல்லையுடைய விளையாட்டைத் திறன்பேசியில் விற்பது, அதில் நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவமுடைய நிறுவனத்திற்கே அரிதாயிற்று.

பணம் செலுத்தி, கிடைப்பது என்னவென்று அறியாமல் பெட்டியைத் திறக்கும் முறை சூதாட்டமே எனப் பெல்ஜியம் நாட்டின் ஆணையம் 2018இல் அறிவித்தது. சூதை நம் இரு மரபுகளும் கடிந்தே உரைக்கின்றன. திருக்குர்ஆனின் ‘அல்-மாயிதா’ அத்தியாயம் மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் சேர்த்து விலக்குகிறது. திருவள்ளுவரும் ‘கள்ளுண்ணாமை’, ‘சூது’ என்னும் இரு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தார். அறிவை மயக்குவதும் பொருளைக் கரைப்பதும் உடன்பிறப்புகள் என்பதை இவ்வைப்பு முறைகள் உணர்த்துகின்றன அல்லவா?

பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளால் உயிர்களை இழந்த குடும்பங்களின் துயரைக் கண்டே தமிழ்நாடு அரசு 2022இல் அவசரச் சட்டமும், அதன் தொடர்ச்சியாக 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் இயற்றியது. 2025ஆம் ஆண்டின் விதிமுறைகள், 18 வயதுக்குட்பட்டோர் பணம் வைத்தாடுதலையும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அத்தகைய ஆட்டத்தில் நுழைதலையும் தடுத்தன. சென்னை உயர்நீதிமன்றம் அவ்விதிகளை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்தாடாத விளையாட்டுகளிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழந்து, பிற கடமைகள் அனைத்தையும் புறக்கணிக்கும் நிலையை உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒரே கைபேசி உள்ள இல்லம்

நகரத்துச் செல்வர் வீட்டில் பிள்ளைக்கு ஒரு கருவி, தந்தைக்கு ஒரு கருவி, தாய்க்கு ஒரு கருவி. கச்சிராயபாளையத்திலோ கரியாலூரிலோ எளிய இல்லம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அங்கே இருப்பது ஒரே திறன்பேசி. அதில் தந்தையின் கூலிப்பணம் வரும் கணக்கு உண்டு. அண்ணனின் போட்டித் தேர்வுப் பாடம் உண்டு. தங்கையின் பள்ளிச் செய்தியும் உண்டு. அதிலேயே தம்பியின் விளையாட்டும் உண்டு.

தனிக்கருவி இருந்த வீட்டில் தாய் “விளையாட்டை எடுத்து வை” என்றால் அதன் பொருள் தெளிவு. கருவி பெட்டிக்குள் போகும். திறன்பேசி உள்ள வீட்டில் “படிக்கிறேன் அம்மா” என்று சொல்லும் பிள்ளை படிக்கவும் செய்யலாம், ஆடவும் செய்யலாம். எழுத்தறிவு குறைந்த தாயால் இரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது. அவர் நம்பியாக வேண்டும். அல்லது ஐயுற வேண்டும். இரண்டுமே குடும்பத்திற்கு இடர். மலையில் பெற்றோர் பருவ வேலைக்கு வெளியூர் சென்றுவிட, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைக்கு அந்த ஐயம் கொள்ளும் துணையும் இல்லை. அவ்வீட்டில் விளையாட்டு எடுத்துக்கொள்வது மின்கலத்தை, இணைய அளவை, அண்ணன் படிக்க வேண்டிய ஒரு மணி நேரத்தை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்க இருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் எளிதில் ஈடு செய்யக்கூடியதன்று.

இதனாலேயே, எந்தக் கருவி வென்றது என்னும் வினா நமக்கு இரண்டாவதாகிறது. பழைய கருவியைச் செய்தவரே அதற்கு எல்லை வகுத்துக் கொடுத்தார். பேழை முடிந்தால் ஆட்டம் முடிந்தது. மின்கலம் தீர்ந்தால் ஆட்டம் நின்றது. புதிய கருவியைச் செய்தவர் எல்லை வகுக்கவில்லை. எனவே எல்லை வகுக்கும் பொறுப்பு ஆடுபவரிடமும், அவர் இல்லத்தாரிடமும் வந்து சேர்ந்துள்ளது. நாம் கூற விழைவது இதுவே.

எல்லை வகுக்கும் வழி

திறன்பேசியை வெறுத்து ஒதுக்குதல் தீர்வாகாது. 2016இல் மும்பை நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘லூடோ கிங்’, 2020இன் ஊரடங்கில் ஒரே திறன்பேசியைச் சுற்றிக் குடும்பத்தார் அமர்ந்து மாறி மாறி ஆடவும் வழி செய்தது. நம் தாயத்தின் உறவினமான அவ்விளையாட்டு, பாட்டியையும் பேரனையும் ஒரு திரையின்முன் சேர்த்தது. கருவி ஒன்றே, பயன்பாடு வேறு.

மாணவச் செல்வங்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். ஆடும்போது இணையத்தை நிறுத்திவிட்டு ஆடினால் விளம்பரமும் அழைப்பும் குறையும். திறன்பேசியே அந்நேரத்திற்குப் பழைய கேம் பாய் ஆகிவிடும். முடிவுடைய விளையாட்டுகளையும் சதுரங்கம் போன்றவற்றையும் தேர்ந்தால் எழுந்துவர ஓர் இடம் கிடைக்கும். பெற்றோரின் வங்கிக் கணக்கை விளையாட்டோடு ஒருபோதும் இணைத்தல் ஆகாது. அறியாத பெட்டிக்குப் பணம் கேட்கும் ஆட்டத்தை அன்றே நீக்கிவிடல் நன்று.

காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ‘அல்-அஸ்ர்’ அத்தியாயம் மூன்றே வசனங்களை உடையது. ஓதாத முஸ்லிம் பிள்ளைகள் அரியர். ஐந்து வேளைத் தொழுகை நம் நாளை ஏற்கெனவே பகுத்து வைத்திருக்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட மாலைப்பொழுது விளையாட்டுக்கு; பாங்கொலி கேட்டால் ஆட்டம் நிறைவு என்று ஓர் இல்லம் வகுத்துக்கொண்டால், கருவி தராத எல்லையைப் பள்ளிவாசல் தந்துவிடும். பிற சமயத்து இல்லங்களுக்கும் விளக்கேற்றும் வேளை என ஒன்று உண்டு.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். “போனை வை” என்று பிள்ளையிடம் கூறுமுன், வைத்துவிட்டு அவன் எங்கே போவான் என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஊரில் ஆடுகளம் உண்டா? மாலையில் திறந்திருக்கும் நூலகம் உண்டா? மலையூர் மாணவர் ஒருவர் தம் பாடத்திற்கெனத் தனியாக ஒரு மணி நேரம் கணினியில் அமர நம் மஹல்லாவிலோ கல்லூரியிலோ ஓர் அறை உண்டா? ஒரே கைபேசியில் கல்வியும் விளையாட்டும் மோதுவதற்குக் காரணம், கல்விக்கு வேறிடம் இல்லாமையே. அவ்விடத்தை அமைத்துக் கொடுத்தால் மோதலில் பாதி தானே தீரும். மீதிப் பாதியை நம் பிள்ளைகளின் நல்லறிவு தீர்க்கும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் துணைபுரிவானாக.